ட்யூஷன் டெஸ்டில் பையன் செய்தது எந்த நிலை? பி.எட். படித்தும் எனக்குப் பிடிபடவில்லை

மேற்கு_மாம்பலம்_அம்மா:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் பத்தாம் வகுப்பு. போன மாதம்தான் 15 முடிந்தது. வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கணக்கு ட்யூஷன். காலை ஆறு மணிக்கு ஒரு பேட்ச், மாலை ஆறரைக்கு ஒரு பேட்ச். இவன் மாலை. சனிக்கிழமை தோறும் 50 மார்க்குக்கு டெஸ்ட், இரண்டு பேட்சுக்கும் ஒரே வினாத்தாள் (அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், சாருக்கே இப்போதுதான் உறைத்திருக்கிறது). போன சனிக்கிழமை காலை பேட்ச் பையன் ஒருவன் வினாத்தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டான்.

என் பையனுக்கு ஒரு நண்பன் உண்டு, எல்.கே.ஜி.யிலிருந்து கூடவே படிக்கிறவன். அவன் அப்பாவுக்கு வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. ட்யூஷனில் அவனுக்குப் பாதி ஃபீஸ்தான், ஆனால் டெஸ்டில் 40-க்குக் கீழே இறங்கினால் அந்தச் சலுகை போய்விடும். அவன் போன் செய்து, "இந்த ரெண்டு அஞ்சு மார்க் கணக்கு மட்டும் வரலடா, போட்டு அனுப்பு" என்று கேட்டிருக்கிறான். இவனும் போட்டு அனுப்பிவிட்டான். இதுவரை எனக்குப் புரிகிறது, பிடிக்கவில்லை என்றாலும் புரிகிறது. புரியாதது அதற்கப்புறம் நடந்தது. மாலை டெஸ்டில் அந்த இரண்டு கணக்கையும் இவன் எழுதவே இல்லை. தெரிந்த கணக்கை வேண்டுமென்றே விட்டுவிட்டு 38 வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். ஏன்டா என்றால், "நான்தான் முன்னாடியே பாத்துட்டேன்ல, எழுதினா அது திருட்டும்மா" என்கிறான். அப்படியானால் அவனுக்கு அனுப்பியது? "அது ஹெல்ப்."

நண்பன் 46. எப்போதும் 41, 42-ல் நிற்கிறவன். சாருக்குச் சந்தேகம் வந்து, போட்டோ விஷயம் வெளியே வந்துவிட்டது. யார் போட்டது, யார் யார் பார்த்தது என்று கேட்டிருக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை மொத்த பேட்சுக்கும் ரீடெஸ்ட். இவனிடம் நீயாவது சொல்லிவிடேன் என்றால், போட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

பி.எட்.டில் அமெரிக்க உளவியலாளர் கோல்பர்க்கின் ஒழுக்க வளர்ச்சி நிலைகள் எனக்குப் பத்து மார்க் கேள்வியாக வந்தது. மூன்று மட்டம், ஆறு நிலை. அடி விழும் என்று பயப்படுவது, எனக்கென்ன லாபம் என்று பார்ப்பது, நல்ல பிள்ளை என்று பெயர் எடுப்பது, சட்டம் ஒழுங்கு, சமூக ஒப்பந்தம், எல்லோருக்கும் பொதுவான அறம். மனப்பாடமாக எழுதி ஒன்பது மார்க் வாங்கினேன். இப்போது சொந்தப் பையனை அதில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நண்பனுக்குக் கணக்குப் போட்டது மூன்றாவது நிலை மாதிரி இருக்கிறது. தானே மார்க்கை விட்டது நான்கா, ஆறா? என் கணவர், "அது நிலையே இல்லை, அசட்டுத்தனம்" என்கிறார். நானே சாரிடம் போய்ச் சொல்லலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது. என்ன செய்யலாம்?

அடையாறு_ஆலோசகர்:

மேடம், ஒன்பது மார்க் கொடுத்தவர் பத்தாவது மார்க்கை எதற்குப் பிடித்தார் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். என்ன செய்தான் என்பதை வைத்து நிலையைச் சொல்லவே முடியாது. ஏன் செய்தேன் என்று அவன் சொல்லும் காரணத்துக்குத்தான் நிலை.

கோல்பர்க் 1958-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக 72 பையன்களிடம் பேசினார். 10, 13, 16 வயது. அவர்களுக்குச் சொன்ன கதைகளில் ஒன்றுதான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் ஹைன்ஸ் கதை. மனைவிக்குப் புற்றுநோய், ஊரில் ஒரே ஒரு மருந்துக்காரர், 200 டாலர் செலவில் செய்த மருந்துக்கு 2000 டாலர் கேட்கிறார், கணவனால் பாதிதான் புரட்ட முடிகிறது, கடையை உடைத்துத் திருடுகிறான். சரியா தப்பா? பையன்கள் சரி என்றார்களா தப்பு என்றார்களா என்பதை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை. 'ஏன்?' 'அது ஏன்?' என்று குடைந்துகொண்டே போனார். "திருடினால் ஜெயில்" என்றும் தப்பு எனலாம், "எல்லோரும் இப்படி உடைக்க ஆரம்பித்தால் ஊர் என்னாகும்" என்றும் தப்பு எனலாம். பதில் ஒன்று, நிலை வேறு.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். சாரிடம் சொல்ல மாட்டேன் என்று நிற்கிற ஐந்து பையன்களை வரிசையாக உட்கார வைத்து ஏன் என்று கேளுங்கள். ஒருவன், "சொன்னா வெளியே வெச்சு மொத்துவானுங்க" என்பான். இன்னொருவன், "இன்னிக்கு நான் காப்பாத்தினா நாளைக்கு அவன் என்னைக் காப்பாத்துவான்." மூன்றாமவன், "ஃப்ரெண்டைப் போட்டுக்கொடுத்தா நான் எல்லாம் ஒரு மனுஷனா?" நான்காமவன், "வினாத்தாளைப் பாதுகாக்க வேண்டியது சாருடைய வேலை, என்னை உளவு பார்க்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்?" ஐந்தாமவன் ஒருவேளை, "சொன்னால் அவனுக்கு ஃபீஸ் சலுகை போய்விடும், செய்த தப்புக்கு அது ரொம்பப் பெரிய தண்டனை" என்பான். ஐந்து பேரும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

பதினோரு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பேசுகிறேன். ஒரே பிள்ளை ஒரே நாளில் இந்த ஐந்தில் மூன்றைச் சொல்லும். கோல்பர்க்கே அந்தப் பையன்களைச் சுமார் 20 வருடம் விடாமல் பின்தொடர்ந்தார், அந்த முடிவுகள் 1983-ல் வெளிவந்தன. 15, 16 வயதில் பெரும்பாலும் மூன்றாவது நிலைப் பேச்சு, கூடவே இரண்டாவது நிலையும் ஒட்டிக்கொண்டு வரும். நான்காவது நிலை மெதுவாக ஏறி, இருபது முப்பது வயதில்தான் பலமாகிறது. ஐந்தாவது பெரியவர்களிலேயே வெகு சிலர். ஆறாவது நிலைக்குப் போதிய ஆள் கிடைக்காமல், மதிப்பெண் போடும் முறையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பையன் ஆறா என்ற கவலையை விட்டுவிடலாம், நானும் இல்லை, உங்கள் கணவரும் இல்லை.

அந்த இரண்டு கணக்கை விட்டதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அதற்கு அவன் சொன்ன காரணத்தை அப்படியே எழுதுங்களேன், 'திருட்டு' என்றதோடு நிறுத்திவிட்டானா, மேலே ஏதாவது சொன்னானா?

சும்மா_ஒருத்தன்:

எங்கள் காலத்தில் இதற்கு ஒரே நிலைதான், முட்டிபோடும் நிலை. ரெண்டு அறை விட்டால் எல்லா நிலையும் தானாக வரும். அமெரிக்காக்காரன் எவனோ ஆறு என்று எழுதி வைத்தான் என்பதற்காகப் பிள்ளையை வைத்து ஆராய்ச்சி செய்கிறீர்கள்.

தப்பு தப்புதான், அதில் ஹெல்ப் என்ன வேண்டிக் கிடக்கிறது?

பெரம்பூர்_29சி:

எனக்கு 17, ப்ளஸ் டூ. ஆன்ட்டி கேள்விக்குப் பதில் சொல்கிற வயதில் இருப்பது இந்த இழையில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அங்கிள், அறை விட்டால் என்ன வரும் தெரியுமா? மாட்டிக்காமல் செய்வது எப்படி என்று வரும். எட்டாவதில் எங்கள் கிளாஸில் பிட் அடித்து மாட்டியவர்களை வெளுத்தார்கள், ஒன்பதாவதில் ஒருத்தரும் மாட்டவில்லை. பிட் நின்றுபோனது என்று மிஸ் சந்தோஷப்பட்டார்கள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆன்ட்டி, உங்கள் பையன் செய்தது எங்களுக்கு விசித்திரமே இல்லை. எழுதப்படாத சட்டம் ஒன்று இருக்கிறது. ரெக்கார்ட் நோட் காப்பி அடிக்கலாம், அது வெறும் கைவலி. ஹோம்வொர்க் கொடுக்கலாம். டெஸ்டில் கேட்டால் காட்டலாம், ஆனால் கேட்கிறவன் தினமும் கேட்கக் கூடாது. ரேங்க்குக்காக மோதுகிற ரெண்டு பேரில் ஒருத்தனுக்கு மட்டும் காட்டினால் அது துரோகம். போர்டு எக்ஸாமில் யாருக்கும் காட்டக் கூடாது, அங்கே எல்லாருடைய உழைப்பும் இருக்கிறது. இதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை, ஆனால் கிளாஸில் எல்லாருக்கும் தெரியும். கணக்கைப் போட்டுக் கொடுக்கலாம், ஆளைப் போட்டுக்கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். தனியாகப் போனால் நான் பஸ்ஸுக்குள் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாக நிற்பேன். கூட நாலு பேர் இருந்தால் ஃபுட்போர்டுதான். உள்ளே சீட் காலியாக இருந்தாலும் ஃபுட்போர்டுதான். அப்போது தப்பு என்று தெரியாமல் இல்லை. கேட்டால் கண்டக்டரைவிட நன்றாக லெக்சர் கொடுப்பேன். தெரிந்தது எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. ஆலோசகர் மேடமோ சாரோ, அதற்கு ஏதாவது நிலை இருக்கிறதா?

அடையாறு_ஆலோசகர்:

மேடம்தான். தம்பி, இந்த இழையிலேயே நல்ல கேள்வி உன்னுடையது.

நிலை என்பது பேசும்போது வெளிப்படுகிற நியாயம். காலை எங்கே வைப்பது என்பதை அது மட்டும் தீர்மானிப்பதில்லை. கோல்பர்க்குக்கு முன்பே, 1920-களில், ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஏமாற்றவும் திருடவும் பொய் சொல்லவும் சின்னச் சின்ன வாய்ப்புகளை உண்டாக்கி வைத்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோர் இடத்தில் நேர்மையாக இருந்தது. 'நேர்மையான பிள்ளை', 'ஏமாற்றுக்காரப் பிள்ளை' என்று தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. மாட்டுவோமா, கூட இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் பெரிய வேலை செய்தது.

உன் ஃபுட்போர்டுக்கு நேரடியான ஆராய்ச்சியே இருக்கிறது. கார்ட்னர், ஸ்டைன்பர்க் என்ற இருவர் 2005-ல் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டு, சிக்னல் மஞ்சளானதும் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். தனியாக விளையாடியபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்றதும் பிள்ளைகள் சிக்னலைத் தாண்டி எகிறினார்கள், 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் மாறவில்லை. நண்பர்கள் தள்ளிவிட வேண்டும் என்றில்லை, பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

அதனால் மேடம், ரீடெஸ்ட் அறையில் எல்லோர் முன்னாலும் "யார் சொல்லுங்கள்" என்று கேட்டால் உங்கள் பையன் நிச்சயம் சொல்ல மாட்டான். சாயங்காலம் தனியாக மாடியில் துணி எடுக்கும்போது கேளுங்கள், வேறு பையன் பேசுவான்.

கே.கே.நகர்_ட்யூஷன்_சார்:

இது எங்கள் சென்டர் கதையோ என்று முதலில் வயிறு கலங்கியது. இல்லை, நான் இயற்பியல்.

அந்தக் கணக்கு சாரைத் திட்டுவதற்கு முன் ஒன்று. இரண்டு பேட்சுக்கு இரண்டு வினாத்தாள் தயாரிப்பது, திருத்துவது என்று சனி ஞாயிறு முழுதும் போய்விடும். நானும் ஒரே தாளைத்தான் ஓட்டினேன், இதே மாதிரி மாட்டினேன். நானும் மொத்தப் பேருக்கும் ரீடெஸ்ட் வைத்தேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. பார்க்காத பிள்ளைகளுக்கு என் மேல் கோபம், பார்த்தவர்களுக்கு 'எல்லாரும் சேர்ந்து மாட்டினோம்' என்று ஒரு கெத்து. ஒருவருக்கும் குற்ற உணர்ச்சி வரவில்லை.

அப்புறம் ஒரு நாள் பாடத்தை நிறுத்திவிட்டு, இந்த சென்டரில் டெஸ்டுக்கு என்ன விதி வேண்டும், நீங்களே சொல்லுங்கள் என்றேன். நாற்பது நிமிடம் சந்தைக்கடை. நான் எதிர்பார்க்காதது, காலை பேட்ச் பெண் ஒருத்தி எழுந்து, "சார், போட்டோ போட்டவங்களைவிட நீங்க மார்க்கை அப்பா அம்மா குரூப்ல போடறதுதான் முதல்ல நிக்கணும், அதனாலதான் எல்லாரும் திருடறோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அன்றோடு குரூப்பில் மார்க் போடுவதை நிறுத்தினேன். பதிலுக்கு அவர்களே போட்ட விதி: போட்டோ குரூப்பில் வந்தால், பெயர் சொல்லாமல், 'தாள் வெளியே வந்துவிட்டது' என்று மட்டும் எனக்கு யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். நான் யார் என்று கேட்கக் கூடாது. போன வருடம் இரண்டு முறை அப்படி மெசேஜ் வந்தது.

பிறகுதான் தெரிந்தது, கோல்பர்க்கே இதைச் செய்து பார்த்திருக்கிறார். 1974-ல் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் ஊரில் ஒரு சின்னப் பள்ளி, மாணவருக்கும் ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒரு பெண்ணின் பர்ஸிலிருந்து பணம் போனபோது, எடுத்தவரைத் தேடுவதற்குப் பதிலாக, நம் கூட்டத்தில் ஒருத்திக்கு நஷ்டம் என்று ஆளுக்குக் கொஞ்சம் சில்லறை போட்டு ஈடு கட்டினார்களாம். நம்மூரில் ஓட்டெல்லாம் கொடுத்தால் முதல் தீர்மானமே சனிக்கிழமை லீவுதான், அது வேறு விஷயம்.

மேடம், நீங்களே போய்ச் சொல்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவனுக்கு வரவேண்டிய ஒரு முடிவை நீங்கள் தட்டிப் பறித்ததாகிவிடும். அதற்கப்புறம் வீட்டில் எதையும் சொல்ல மாட்டான்.

ராயப்பேட்டை_ரீடர்:

கல்லூரியில் உளவியல் பாடம் எடுக்கிறேன். ஆலோசகர் சொன்னதெல்லாம் சரி, ஆனால் இந்த ஆறு நிலை ஏணியின் மேலேயே எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

அந்த 72 பேரில் ஒரு பெண்ணும் இல்லை. கோல்பர்க்கோடு வேலை செய்த கேரல் கில்லிகன் 1982-ல் இதைத்தான் பிடித்தார். பிறர் மேல் அக்கறை, யாருக்கு வலிக்கும் என்ற கேள்வி, இதையெல்லாம் மூன்றாவது படியில் உட்கார வைத்துவிட்டு, சட்டம், உரிமை என்று பேசினால் மேல் படி என்று ஏன் கொடுக்க வேண்டும்? பெண்களுக்கு ஒரு நியாயம், ஆண்களுக்கு ஒரு நியாயம் என்ற அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் அவ்வளவாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கேள்வி நிற்கிறது.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமாக ஒன்று. ஜோன் மில்லர், பெர்சாஃப் இருவரும் 1992-ல் மைசூர்க்காரர்களையும் அமெரிக்காவின் நியூ ஹேவன் ஊர்க்காரர்களையும் ஒப்பிட்டார்கள். நண்பனின் கல்யாண மோதிரம் உன் கையில் இருக்கிறது, பணம் தொலைந்துவிட்டது, வேறொருவரின் ரயில் டிக்கெட்டை எடுத்தால்தான் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியும் என்கிற மாதிரிக் கதைகள். அமெரிக்கர்களில் நிறையப் பேர் எடுக்கக் கூடாது என்றார்கள். நண்பனுக்குச் செய்ய வேண்டியதை அவரவர் விருப்பம் என்று பார்த்தார்கள். மைசூர்க்காரர்களில் பெரும்பாலோர் மோதிரத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முக்கியம் என்றார்கள். அவர்களுக்கு அது நல்ல பெயர் வாங்கும் ஆசை இல்லை, கடமை. நியாயத்துக்குச் சமமான எடை உள்ள கடமை.

இதை வைத்துப் பார்த்தால் அந்தப் பையன் 'ஹெல்ப்' என்று சொன்னதை ஆங்கில வார்த்தை என்று லேசாக எடுக்கக் கூடாது. அவன் இரண்டு கடன்களைத் தனித்தனியாகத் தீர்த்திருக்கிறான். நண்பனுக்கு உள்ளதைக் கணக்காகப் போட்டுக் கொடுத்தான், டெஸ்டுக்கு உள்ளதைப் பத்து மார்க்காகக் கட்டினான். ஏணியில் இதற்கு இடமில்லை என்றால் ஏணிதான் சின்னது.

ஆனால் இதில் ஒரு ஓட்டையும் உண்டு, அவனிடம் கேட்க வேண்டியது அதுதான். பார்க்காமல் எழுதி 39 வாங்கிய பிள்ளைகள்? நண்பன் கண்ணுக்குத் தெரிகிறான், அவர்கள் தெரியவில்லை. சலுகை 40-க்கு என்றால், நியாயமாக எழுதி அதை இழந்த இன்னொருவன் அந்த பேட்சிலேயே இருக்கலாம். இந்த வயதில் வட்டத்துக்குள் இருப்பவர்களிடம் பொன்னாக இருப்பார்கள், வட்டத்துக்கு வெளியே ஆள் இருப்பதே நினைவுக்கு வராது.

சும்மா_ஒருத்தன்:

அதெல்லாம் சரி மேடம், என் பெரியவன் 16 வயதில் ஸ்கூட்டரைக் கொடு என்று குதிக்கிறான், முடியை வெட்டு என்றால் "என் முடி, என் இஷ்டம்" என்கிறான். இதுவும் கடன் தீர்ப்பதுதானா? அடிக்கவும் கூடாது என்கிறீர்கள்.

ராயப்பேட்டை_ரீடர்:

சார், இரண்டும் வேறு. எலியட் டூரியல் என்பவர் ஒன்று கவனித்தார். "மிஸ்ஸே பரவாயில்லை என்று சொன்னால் யூனிஃபார்ம் இல்லாமல் வரலாமா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகளே வரலாம் என்கின்றன. "மிஸ் பரவாயில்லை என்று சொன்னால் பக்கத்துப் பையனை அடிக்கலாமா?" என்றால் கூடாது, யார் சொன்னாலும் கூடாது என்கின்றன. வழக்கம் வேறு, அறம் வேறு, சொந்த விஷயம் வேறு என்று பிள்ளைகளுக்கே தெரியும். நாம்தான் முடியையும் திருட்டையும் ஒரே குரலில் திட்டுகிறோம், அப்புறம் திருட்டைத் திட்டும்போதும் முடியைத் திட்டுவதாகவே கேட்கிறது.

முடியைப் பள்ளியும் அவனும் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்கூட்டரைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, 18 ஆகாத பிள்ளை லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி மாட்டினால் 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று இருப்பது உங்களுக்கு, அவனுக்கு இல்லை. அவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. ஆனால் அபராதத்தை மட்டும் சொன்னால் போலீஸ் நிற்காத சந்தாக எடுத்துப் போவான், அந்தத் தம்பி பிட் கதை சொன்னதைப் போல. எதிரே வருகிற ஆளைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசுங்கள்.

சும்மா_ஒருத்தன்:

பால் வாங்கத் தெருமுனை வரைக்கும் நானே கொடுத்திருக்கிறேன். சரி, இனி இல்லை.

மேற்கு_மாம்பலம்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன், ஆனால் எழுத வெட்கமாக இருந்தது, ஏன் என்று சொல்கிறேன்.

ஆலோசகர் மேடம் சொன்னபடி மாடியில் துணி எடுக்கும்போது பேச்சை ஆரம்பித்தேன். ஏன்டா, உனக்குத் திருட்டு, அவனுக்கு ஹெல்ப், அது எப்படி என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அம்மா, ஆறாவது முடிஞ்ச லீவுல செங்கல்பட்டு போறப்ப எனக்கு 12 முடிஞ்சிடுச்சு. நீ அரை டிக்கெட் எடுத்துட்டு, யாராவது கேட்டா பதினொண்ணுன்னு சொல்லுன்னு சொன்னே. அது எதுல வரும்?" என்றான்.

எனக்கு அது சுத்தமாக மறந்தே போயிருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க பதினொன்று, பதினொன்று என்று முனகிக்கொண்டே வந்தானாம். டிக்கெட் பரிசோதகர் வரவே இல்லை. சில ரூபாய் விஷயம். அவன் மூன்று வருடமாக வைத்திருக்கிறான். நான் தப்புதான் என்றேன். "அப்ப சாரி சொல்ல யார்கிட்ட போவே?" என்றான். பதில் இல்லை, துணியை மடித்தேன்.

அப்புறம் ராயப்பேட்டை மேடம் சொன்ன 39 வாங்கிய பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அதை அவன் யோசிக்கவே இல்லை, முகத்திலேயே தெரிந்தது. அப்படி ஒரு பெண் இருக்கிறாளாம். அவளும் சலுகையில் படிக்கிறவள்தான். எத்தனை வாங்கினாள் என்று அவனுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரீடெஸ்டுக்கு அரை மணி முன்னாலேயே கிளம்பினான். நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை, சத்தியமாக. சாரிடம் போய், "போட்டோவை நான் பாத்தேன், ரெண்டு கணக்கைப் போட்டு ஒருத்தருக்கு அனுப்பினேன், யாருக்குன்னு சொல்ல மாட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். சார் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, உள்ளே போய் உட்கார் என்றாராம். நண்பன் இவனோடு இரண்டு நாள் பேசவில்லை. சொல்லாமலேயே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும் இல்லையா, அதை இவன் யோசிக்கவில்லை. நேற்று சாயங்காலம் இரண்டு பேரும் எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன், "ஒண்ணும் பேசல" என்றான்.

கே.கே.நகர் சார், உங்கள் விதியை அவனிடம் சொன்னேன். பிடித்திருக்கிறது, ஆனால் அவன் சாரிடம் போய்ச் சொல்ல இப்போது தைரியம் இல்லையாம். நான் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றான்.

பெரம்பூர்_29சி:

ஆன்ட்டி, அந்தப் பெண்ணுக்குச் சலுகை நிற்கிறதா?

மேற்கு_மாம்பலம்_அம்மா:

ரீடெஸ்டில் 43 வாங்கியிருக்கிறாள். இந்த முறை இவனே போய்க் கேட்டிருக்கிறான். நண்பனுக்கு 37. சார் இந்த மாதம் வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், இவன் தினமும் ராத்திரி எட்டரைக்கு அவன் வீட்டுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

சும்மா_ஒருத்தன்:

உங்க பையன் விட்ட அந்த ரெண்டு கணக்குக்கு மார்க் போட்டாரா?

மேற்கு_மாம்பலம்_அம்மா:

இல்லை சார். ரீடெஸ்டில் அந்தக் கணக்கே வரவில்லை.

கே.கே.நகர்_ட்யூஷன்_சார்:

பப்ளிக்கில் வரும். போட்டு வைக்கச் சொல்லுங்கள்.